டிஆர்டிஓவில் கிரேடு வேறு, நாற்காலி வேறு

கேள்வி இது: "மகள் இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். டிஆர்டிஓவில் விஞ்ஞானியாகச் சேர வேண்டும், ஒரு நாள் பெரிய பொறுப்புக்கு வர வேண்டும் என்கிறாள். நுழைவது எப்படி, மேலே போவது எப்படி, எங்கே சறுக்குவார்கள்?"

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பதவி உயர்வு என்று வெளியில் பொதுவாகச் சொல்வது டிஆர்டிஓவுக்குள், அதாவது பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்புக்குள், இரண்டு தனித்தனிச் சங்கதிகள். ஒன்று கிரேடு: சயன்டிஸ்ட் பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று ஏறும் ஏணி. இன்னொன்று நாற்காலி: திட்ட இயக்குநர், ஆய்வக இயக்குநர், தலைமை இயக்குநர், கடைசியில் செயலாளர், அவர்தான் டிஆர்டிஓவின் தலைவர். கிரேடு நேரமும் மதிப்பீட்டுக் குழுவும் சேர்ந்து தருவது. நாற்காலிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: சுமார் 50 ஆய்வகங்கள், அவற்றைத் தொகுத்த 7 கிளஸ்டர்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரே ஒருவர். கிரேடு ஏறினால் நாற்காலியும் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்கள்தான் ஐம்பது வயதில் கசந்துபோகிறார்கள்.

நுழைவை முதலில் முடித்துவிடுவோம். பொறியியல் பட்டதாரி 'ஏ' பிரிவு அதிகாரியாக வரும் வாசல் டெல்லி திமார்பூரில் உள்ள ஆர்ஏசி, அதாவது ஆட்சேர்ப்பு மற்றும் மதிப்பீட்டு மையம். சயன்டிஸ்ட் 'பி' அறிவிப்பு வரும். பிஇ அல்லது பிடெக்கில் முதல் வகுப்பு வேண்டும். அறிவிப்பில் சொல்லியிருக்கும் பாடத்தில் செல்லுபடியாகும் கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் திறன் தேர்வு) மதிப்பெண் வேண்டும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் கேட் மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்கு அழைத்து, இறுதிப் பட்டியலில் கேட்டுக்கு 80 சதவீதமும் நேர்காணலுக்கு 20 சதவீதமும் கொடுத்தார்கள். 2019இல் சில பாடங்களுக்கு இடையில் ஒரு விரிவான எழுத்துத் தேர்வும் இருந்தது. ஆகவே போன ஆண்டு முறையை நம்பித் தயாராக வேண்டாம். அறிவிப்பு வந்ததும் தேர்வு முறை என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது வேறொரு இடத்தில். "டிஆர்டிஓவில் நேர்முகம், தேர்வே இல்லை" என்று செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் ஜேஆர்எஃப் அழைப்பு. அது உதவித்தொகையோடு கூடிய ஆய்வு மாணவர் இடம். சில ஆண்டுகளில் முடிந்துவிடும், நிரந்தர வேலையாக மாறாது. முனைவர் பட்டத்துக்கு நல்லது, அவ்வளவுதான். அதேபோல டிஆர்டிஓவின் இன்னொரு ஆட்சேர்ப்பு மையமான செப்டாம் நடத்துவது டெக்னீசியன், முதுநிலைத் தொழில்நுட்ப உதவியாளர் பதவிகளுக்கான தேர்வு. அந்தக் கேடர் தனி, அதன் ஏணியும் தனி. பிஇ முடித்துவிட்டு "முதலில் உள்ளே போய்விடுவோம், பிறகு விஞ்ஞானி ஆகிவிடலாம்" என்று அதில் சேர்கிறவர்கள் உண்டு. உள்ளிருந்தபடியே கேட் எழுதி ஆர்ஏசி வழியாகத் திரும்ப வருகிற உறுதி இருந்தால் மட்டும் அந்த வழி சரி.

நேர்காணலைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டு, சொன்ன பாடத்திலேயே தோண்டுவார்கள். எதிரே இருப்பவர்களில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர்களும் ஆய்வகத்து மூத்தவர்களும் கலந்திருப்பார்கள். ரேடார் பிடிக்கும் என்றால் ரேடார் சமன்பாட்டை எழுதச் சொல்வார்கள்; எழுதியதும், "எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க எத்தனை மடங்கு பவர் வேண்டும்?" என்பார்கள். சமன்பாட்டை மனப்பாடம் செய்தவர் நான்கு என்பார். சிக்னல் போகவும் வரவும் பரவிக் குறைவதால் தூரத்தின் நான்காம் அடுக்கு வருகிறது, ஆகவே 16 என்பவரிடம் அடுத்த கேள்வி போகும்: "அவ்வளவு பவர் கிடைக்காது, வேறு என்ன செய்வாய்?" ஆன்டெனாவைப் பெரிதாக்குவது, பல்ஸ்களைச் சேர்த்துக் கூட்டுவது, ரிசீவரின் இரைச்சலைக் குறைப்பது என்று பேசத் தெரிந்தால் போதும். பத்துப் பாடத்தை மேலோட்டமாகப் படிப்பதைவிட மூன்றை அடிவரை படிப்பது இங்கே பலிக்கும்.

சேர்ந்ததும் வரும் முதல் பெரிய திருப்பம் எந்த ஆய்வகம் என்பது. புனேயில் உள்ள டயட் என்ற பாதுகாப்புத் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் தொடக்கப் பயிற்சி இருக்கும், பிறகு ஆய்வகம். விருப்பம் கேட்டாலும் காலியிடம்தான் கடைசியில் தீர்மானிக்கும். இசிஇ படித்தவருக்கு பெங்களூரு எல்ஆர்டிஇ ரேடார், ஹைதராபாத் டிஎல்ஆர்எல் மின்னணுப் போர், டேராடூன் டீல் தகவல் தொடர்பு, கொச்சி என்பிஓஎல் சோனார், ஹைதராபாத் ஆர்சிஐ ஏவுகணை மின்னணுவியல், ஆவடி சிவிஆர்டிஇ டாங்கி என்று பரவலாக இடமுண்டு. ஐஏஎஸ் போல மூன்றாண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகிற வேலை இது இல்லை. ஒரே ஆய்வகத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுகிறவர்கள் ஏராளம். ஆகவே ஊர் வசதியைப் பார்த்து விருப்பம் எழுதுகிறவர், முப்பது ஆண்டு வேலையின் சுபாவத்தையே அந்த வரியில் எழுதிவிடுகிறார்.

இப்போது கிரேடு. சயன்டிஸ்ட் 'பி'யின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 56,100 ரூபாய். பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதன்மேல். 'சி'க்கு 67,700, 'டி'க்கு 78,800, 'இ'க்கு 1,23,100, 'எஃப்'க்கு 1,31,100, 'ஜி'க்கு 1,44,200, 'எச்'சுக்கு 1,82,200, டிஸ்டிங்விஷ்ட் சயன்டிஸ்ட் 2,05,400, செயலாளர் 2,25,000. 'டி'யிலிருந்து 'இ'க்குப் போகும்போது வருகிற தாவலைக் கவனியுங்கள். ஆய்வகத்துப் பேச்சில் அடிபடும் பதவி உயர்வுகளில் அதற்குத் தனி இடம்.

இந்த ஏற்றத்துக்குக் காலியிடம் வேண்டியதில்லை. மற்ற அரசுத் துறைகளில் மேலே ஒருவர் ஓய்வு பெற்றால்தான் கீழே ஒருவர் ஏற முடியும். அறிவியல் துறைகளில் இருக்கும் நெகிழ்வு முறையில் ஆள் ஏறும்போது பதவியும் அவரோடு ஏறும். அவர் போனதும் அந்த இடம் அடி மட்டத்துக்கே திரும்பிவிடும். குறைந்தபட்சக் காத்திருப்பு: பி முதல் சி வரை 3 ஆண்டு, சி முதல் டி 4, டி முதல் இ 4, இ முதல் எஃப் 5, எஃப் முதல் ஜி 5. கூட்டினால் 21. எங்குமே தடுக்காமல் போனால் 23 வயதில் சேர்ந்தவர் 44 வயதில் 'ஜி'. நடப்பில் ஓரிரு இடத்தில் ஒன்றிரண்டு ஆண்டு தடுக்கும், 47, 48 ஆகும். 'எச்'சுக்கும் அதற்கு மேலும் சகநிபுணர் குழுவின் பார்வை, அங்கே நேரக் கணக்கு மட்டும் செல்லாது.

மதிப்பீட்டுக் குழு என்ன பார்க்கிறது? ஆண்டறிக்கை மதிப்பெண் ஒரு பங்கு. மிச்சம் நேரில் உட்கார்ந்து பேசுவதில். இங்கே நல்ல வேலைக்காரர்கள் கோட்டைவிடும் காரணம் வினோதமானது: தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமான அடக்கம். "நாங்கள் செய்தோம், எங்கள் குழு முடித்தது" என்றே பேசுவார்கள். குழுவில் இருப்பவர் வேறு ஊர்க்காரர், இவருடைய ஆய்வகத்தைப் பார்த்திருக்க மாட்டார். "சரி, இதில் நீங்கள் எடுத்த முடிவு எது? மாற்று வழி என்ன இருந்தது? ஏன் அதை விட்டீர்கள்?" என்பார். இந்த மூன்றுக்கும் எண்ணோடு பதில் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, வேலை நடக்கும்போதே குறித்து வைப்பது: எந்தத் தேதியில் எந்தச் சோதனை தோற்றது, காரணம் என்ன என்று கண்டோம், எதை மாற்றினோம், மறு சோதனையில் என்ன எண் வந்தது. மூன்றாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதும் அறிக்கையில் வினைச்சொற்கள் மட்டும்தான் மிஞ்சும்.

எப்படிப்பட்ட வேலை அந்தக் குறிப்பேட்டுக்குள் வரும் என்பதற்கு ஒரு மாதிரி. இளம் விஞ்ஞானிக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பெட்டி: பவர் சப்ளை, கன்ட்ரோலர், டிஸ்ப்ளே ஏதாவது ஒன்று. பரிசோதனை மேசையில் அது அழகாக ஓடும். கவச வாகனத்தில் ஏற்றினால் கதை மாறும். அங்கே பெயருக்கு 28 வோல்ட். ஆனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 6 வோல்ட் வரை சரியலாம், ஸ்பைக் 250 வோல்ட் வரை போகலாம் என்றுதான் வாகன மின்சாரத்துக்கான அமெரிக்க ராணுவத் தரமான மில்-ஸ்டாண்டர்ட் 1275இன் பழைய பதிப்புகள் சொல்லிவைத்தன. ஸ்டார்ட்டர் சுற்றியதும் பெட்டி ரீசெட் ஆனால் கோளாறு மென்பொருளில் என்று ஒரு வாரம் தேடுவார்கள். உண்மையில் உள்ளே தாக்குப்பிடிக்கும் கெப்பாசிட்டர் போதாது, அல்லது குறைந்த மின்னழுத்தத்தில் பூட்டிக்கொள்ளும் வரம்பு தப்பாக வைக்கப்பட்டிருக்கும்.

அதைத் தாண்டினால் மின்காந்தச் சோதனை, மில்-ஸ்டாண்டர்ட் 461. அதில் பெட்டியிலிருந்து வெளியே கசியும் அலைகளை அளக்கும் ஆர்இ-102இல் முதல் முறையே தேறும் பெட்டி அபூர்வம். தோற்றதும் எல்லோரும் சர்க்யூட் போர்டைச் சந்தேகிப்பார்கள். பாதி நேரம் குற்றவாளி கேபிள்தான். ஷீல்டின் பின்னலை முறுக்கி, ஐந்து சென்டிமீட்டர் வாலாக்கி, ஒரு திருகில் கட்டியிருப்பார்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் பூஜ்யம் ஓம், கிரவுண்ட் பிரமாதம். ஆனால் கம்பியில் மில்லிமீட்டருக்குச் சுமார் ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ் என்று வைத்தால் அந்த வால் 50 நானோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் அது 31 ஓம். ஷீல்டு இருந்தும் இல்லாத கதைதான். கனெக்டரின் பின்கூட்டிலேயே பின்னலைச் சுற்றிலும் 360 பாகையும் அழுத்திப் பிடிக்கிற மாதிரி மாற்றினால், போர்டில் கை வைக்காமலே வரம்புக்குள் வந்துவிடுவதுண்டு. பிறகு நம் முப்படைகளின் பொது விவரக்குறிப்பான ஜேஎஸ்எஸ் 55555 சோதனைகள்: சூடு, குளிர், ஈரம், தூசி, அதிர்வு. அதிர்வில் போர்டின் நடுவில் வைத்த பெரிய பிஜிஏ சிப்பின் மூலைச் சால்டர் பந்துகள் விரிசல் விடும், ஏனென்றால் ரெசனன்ஸில் போர்டு அதிகம் வளைவது நடுவில்தான். சிப்பை ஓரத் திருகுகளின் பக்கம் நகர்த்தலாம், போர்டுக்கு அடியில் விறைப்புச் சட்டம் கொடுக்கலாம், சிப்புக்கு அடியில் பிசின் நிரப்பலாம். இதையெல்லாம் வடிவமைப்பு மறு ஆய்வுக் கூட்டத்திலேயே கேட்கத் தெரிந்தவர்தான் நான்கைந்து ஆண்டில் ஒரு துணை அமைப்பின் பொறுப்புக்கு வருகிறார்.

இன்னொரு பாதி வேலை கொள்முதல். இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. தேவைக் குறிப்பு எழுதுவது, தொழில்நுட்ப விவரக்குறிப்பு, மதிப்பீட்டுக் குழு, விலை பேசும் குழு, சப்ளை ஆர்டர், ஏற்புச் சோதனை என்று ஒரு கோப்பு நகரும். விவரக்குறிப்பில் ஒரே நிறுவனத்தின் பொருளுக்குத்தான் பொருந்தும் எண்ணை எழுதிவிட்டால் தணிக்கையில் மாட்டுவீர்கள். தளர்வாக எழுதினால் மலிவான, பயன்படாத பொருள் வந்து சேரும், அதை நிராகரிக்கவும் முடியாது. ஏற்புச் சோதனை எப்படி நடக்கும், எந்த எண் வந்தால் தேறும் என்பதை ஆர்டரிலேயே எழுதுவது இந்தக் கலையின் பாதி. வெளிநாட்டுப் பாகம் என்றால் ஏற்றுமதி உரிமம் என்ற முடிச்சு வேறு. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வந்த அமெரிக்கத் தடையில் தேஜஸ் விமானக் கட்டுப்பாட்டு வேலைக்காக அமெரிக்கா போயிருந்த குழு பாதியில் திரும்ப வேண்டியிருந்தது. டிஆர்டிஓவின் பெயர் அந்த நாட்டுத் தடைப்பட்டியலிலிருந்து நீங்கியது 2011இல்தான். ஒரு முக்கியச் சிப்புக்கு மாற்று எது என்று முதல் நாளே கேட்கிற பழக்கம் அங்கே அப்படி வந்ததுதான்.

நாற்காலிக்கு வருவோம். அதற்கான பாதை திட்டத்தின் வகையிலேயே பிரிகிறது. அறிவியல்-தொழில்நுட்பத் திட்டம் என்பது அடிப்படை வேலை. தொழில்நுட்பச் செயல்விளக்கத் திட்டம் என்பது "முடியும் என்று காட்டு". மிஷன் மோட் என்பது முப்படைகளில் ஒன்று கேட்டது, கேட்டபடி கொடுத்தே ஆக வேண்டியது. முதல் இரண்டில் கட்டுரையும் விருதும் வரும், கிரேடு தடையின்றி ஏறும். மூன்றாவதில் திட்டும் தேதி நெருக்கடியும் வரும். மேலே நாற்காலி தேடும்போது ஆட்களைப் பொறுக்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

மிஷன் மோட் திட்டத்தின் தொடக்கம் ஒரு காகிதம்: ராணுவத்துக்கு ஜிஎஸ்க்யூஆர், கடற்படைக்கும் விமானப்படைக்கும் அதற்கு இணையானவை. என்ன எடை, எவ்வளவு தூரம், எந்த வெப்பநிலை என்று படை எழுதித் தரும் தேவைப் பட்டியல். திட்டம் சாகிறதா பிழைக்கிறதா என்பதைப் பெருமளவு இந்தக் காகிதம் தீர்மானிக்கிறது. ஆவடியின் அர்ஜுன் டாங்கி இதற்குப் பாடப்புத்தகம். 1972இல் தேவைப் பட்டியல். 1974 மே மாதம் 15.50 கோடி ரூபாயில் அனுமதி. பிறகு படை கேட்ட பீரங்கியின் அளவே மாறியது, 1985இல் புதிய தேவைப் பட்டியல் வந்தது, டாங்கியின் எடை ஏறியது, உள்நாட்டு இன்ஜின் கைகூடாமல் ஜெர்மனியின் எம்டியு 1400 குதிரைத்திறன் இன்ஜின் உட்கார்ந்தது. 1995இல் வளர்ச்சித் திட்டத்தை மூடியபோது செலவு 305.60 கோடி. 2000இல் 124 டாங்கிகளுக்கு ஆர்டர், முதல் ஐந்து படையிடம் போனது 2004இல். பிறகு வந்த மார்க்-1ஏ 68 டன். 2021 செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கே வந்தது. தாமதத்துக்கு ஆய்வகத்தை மட்டும் குற்றம் சொல்வது எளிது, ஆனால் முழுக் கதை அது இல்லை. எழுதித் தந்த தேவையை நடுவில் மாற்றினால் எடைக் கணக்கு, சஸ்பென்ஷன், இன்ஜின், பாலங்களின் தாங்குதிறன் என்று ஒவ்வொன்றாகக் கலையும். நல்ல திட்ட இயக்குநர் தேவைப் பட்டியலில் கையெழுத்து விழும் முன்பே, "இந்த எடையில் இந்தக் கவசம் வராது, எதை விட்டுக்கொடுப்பீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குகிறவர். வாயால் கேட்டதெல்லாம் அடுத்த கர்னல் மாற்றலாகி வந்ததும் காற்றோடு போய்விடும்.

2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கை, மிஷன் மோட் திட்டங்கள் 178ஐப் பார்த்து, 119இல் முதலில் சொன்ன காலக்கெடு தவறியது என்றது. 49இல் கூடுதலாக எடுத்த காலமே மூலக் காலத்தைவிட அதிகம். பொறியாளராகப் பார்த்தால் இந்த எண்களுக்குப் பின்னால் அலுப்பூட்டும் காரணங்கள்தான் உண்டு. ஒரே ஒரு மாதிரி செய்து அதையே எல்லாச் சோதனைக்கும் அனுப்புவார்கள். அது ஓரிடத்தில் உடைந்தால் மற்றச் சோதனைகள் அத்தனையும் நிற்கும். சோதனைத் தளத்தில் தேதி கிடைக்காது. பாலைவனச் சோதனைக்குக் கோடை ஒன்று தவறினால் ஓர் ஆண்டு போச்சு. குறைந்தது மூன்று மாதிரிகளுக்குப் பணம் கேட்டுத் திட்டம் எழுதினால் தொடக்கத்தில் தொகை பெரிதாகத் தெரியும், அனுமதி கஷ்டம். அதனால் ஒன்றுக்கு எழுதுவார்கள். கடைசியில் செலவு என்னவோ அதே மூன்றுக்குத்தான் ஆகும், தேதி மட்டும் பாழ்.

சோதனை தேறியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த சறுக்கல். படையின் பயனர் சோதனை, பராமரிப்பு எளிமைச் சோதனை, தர உறுதித் துறையின் பார்வை, விமானத்தில் ஏறும் பொருள் என்றால் பெங்களூரு செமிலாக்கின் பறத்தகுதிச் சான்று. பிறகு தயாரிப்பவருக்கு வரைபடங்களைக் கொடுப்பது. இதில்தான் மாதங்கள் கரையும். ஆய்வகத்தில் ஒரு டெக்னீசியன் அரத்தால் தேய்த்துப் பொருத்திய பாகம் வரைபடத்தில் வேறு அளவில் இருக்கும், தொழிற்சாலை வரைபடப்படி நூறு செய்து அனுப்பும், ஒன்றும் பொருந்தாது. கூடவே பயனர் கையேடு, உதிரிபாகப் பட்டியல், பயிற்சி என்று ஆயிரம் பக்கம். கெட்டிக்கார விஞ்ஞானிகள் பலர் இந்தக் கட்டத்தில் புதுத் திட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். தாவாமல் இருந்தவரின் பெயரைப் படை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

உச்சிக்குப் போனவர்களின் பட்டியலும் இதையே காட்டுகிறது. 1992க்குப் பிறகு முழுநேரத் தலைவர்களாக இருந்த எண்மர்: அப்துல் கலாம் ஏவுகணை, வி.கே. ஆத்ரே சோனார், எம். நடராஜன் டாங்கி, வி.கே. சரஸ்வத் ஏவுகணை, அவினாஷ் சந்தர் ஏவுகணை, எஸ். கிறிஸ்டோபர் வான்வழி எச்சரிக்கை ரேடார் விமானம், சதீஷ் ரெட்டி ஏவுகணை வழிகாட்டு மின்னணுவியல், சமீர் காமத் உலோகவியல். நான்கு பேர் ஹைதராபாத் ஏவுகணை வளாகத்தைச் சேர்ந்தவர்கள். காரணம் திறமைப் பஞ்சமோ ஊர்ப் பாசமோ இல்லை. 1983இல் 388 கோடியில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் ஒரே இடத்தில் ஐந்து பெரிய வேலைகளை உருவாக்கிற்று. பெரிய வேலை இருந்த இடத்தில் அதை நடத்திப் பழகியவர்களும் இருந்தார்கள்.

கலாமின் பாதையைப் பார்த்து அப்படியே போகலாம் என்று நினைக்க வேண்டாம். 1958இல் முதுநிலை அறிவியல் உதவியாளராக 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்து, பெங்களூரில் ஹோவர்கிராஃப்ட் செய்து, பிறகு விண்வெளித் துறைக்குப் போய், 1980 ஜூலையில் எஸ்எல்வி-3 ராக்கெட் வெற்றிக்குப் பிறகு 1982இல் ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகமான டிஆர்டிஎல்லின் இயக்குநராகத் திரும்பி வந்தவர் அவர். இடையில் வெளியே போய் ஒரு ராக்கெட்டை முழுதாக முடித்த அனுபவம்தான் அவரைத் திரும்ப அழைக்க வைத்தது. இன்றைக்கு நடுவில் இப்படி வெளியே போய் உயரத்தில் திரும்பி வருவது மிக அரிது.

சாதாரணப் பாதைக்கு நெருக்கமானது கிறிஸ்டோபரின் துறை. 1999 ஜனவரி 11 அன்று, முதுகில் சுழல் ரேடார் கூடு சுமந்த ஏவ்ரோ விமானம் அரக்கோணம் அருகே விழுந்து விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக 8 பேர் இறந்தார்கள். அந்த முயற்சி அதோடு நின்றது. 2004இல் வேறு வடிவில் மறுபடி அனுமதி: எம்ப்ரேயர் விமானம், சுழலாத ரேடார், இரு பக்கமும் தலா 120 பாகை, மொத்தம் 240 பாகைப் பார்வை. சுழல் கூட்டின் முழு வட்டப் பார்வையை விட்டுக்கொடுத்து, சிறிய விமானத்தில் ஏறக்கூடிய எடையை வாங்கிய முடிவு அது. 'நேத்ரா' என்ற பெயரில் அது விமானப்படையிடம் போனது 2017 பிப்ரவரியில். அதைச் செய்த பெங்களூரு ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த கிறிஸ்டோபர்தான் 2015இல் டிஆர்டிஓ தலைவரானார்.

பெண்களுக்கு என்ன நிலை என்ற கேள்வியும் உள்ளே இருக்கும். ஜே. மஞ்சுளா 2015இல் கிளஸ்டர் தலைமை இயக்குநரான முதல் பெண். அக்னி-4 திட்ட இயக்குநராக இருந்த டெஸ்ஸி தாமஸ் 2018இல் வானூர்தி கிளஸ்டருக்கு வந்தார். செயலாளர் நாற்காலியில் இன்னும் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

அந்த நாற்காலியின் தன்மையையும் தெரிந்துகொள்வது நல்லது. நியமிப்பது அமைச்சரவையின் நியமனக் குழு. ஓய்வு வயதைத் தாண்டிய நீட்டிப்பு ஒப்பந்தத்தில் பலர் இருந்திருக்கிறார்கள்; ஒப்பந்தம் என்றால் அரசு எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். 2015 ஜனவரியில் அவினாஷ் சந்தரின் ஒப்பந்தம் 2016 மே வரை இருக்கும்போதே முடிக்கப்பட்டது. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை தலைவரே இல்லாமல் பாதுகாப்புச் செயலாளர் கூடுதல் பொறுப்பு பார்த்தார். 2015இல் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் பதவியைத் தலைவர் பதவியிலிருந்து பிரித்துத் தனியாக ஒருவருக்குக் கொடுத்தார்கள். அந்த உயரத்தில் வேலையின் பாதி பட்ஜெட், நாடாளுமன்ற நிலைக்குழு, தனியார் நிறுவனங்களோடு உற்பத்திப் பங்காளி ஏற்பாடு. 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியின் 25 சதவீதம் தொழில்துறை, ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, இன்று சேரும் இளைஞர் மேலே போவதற்குள் தானே செய்வதைவிட மற்றவர் செய்வதை மேய்ப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாழ்க்கை முறை பற்றிச் சுருக்கமாக. கைப்பேசி வாசலில். இணையம் தனிக் கணினியில். அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் 1923 வேலையை விட்ட பிறகும் உங்களோடு வரும். கட்டுரை வெளியிட அனுமதி வாங்க வேண்டும், வெளிநாடு போக முன் அனுமதி. ஓய்வுக்குப் பின் தனியார் வேலையில் சேர ஓராண்டு காத்திருக்க வேண்டும், அல்லது அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். வேலையில் இருந்தபடியே ஐஐடியில் எம்டெக், பிஎச்டிக்கு அனுப்பும் வசதி நல்ல வசதி. ஆனால் திட்டம் சோதனைக் கட்டத்துக்கு வரும் ஆண்டில் படிக்கப் போகாதீர்கள். திரும்பி வரும்போது அந்தப் பெட்டிக்கு வேறொருவர் சொந்தக்காரர் ஆகியிருப்பார்.

உங்கள் மகளுக்கு இப்போது செய்ய வேண்டியது சின்னதுதான். கேட் தேர்வை மூன்றாம் ஆண்டு மாணவர்களே எழுதலாம், பிப்ரவரியில் நடக்கும், பதிவு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட்-செப்டம்பர் வாக்கில். இந்த முறை ஒத்திகையாக எழுதட்டும், இறுதியாண்டில் மதிப்பெண்ணுக்காக எழுதட்டும். எந்த ஆண்டு மதிப்பெண்ணை ஏற்பார்கள் என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டுப் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்காமல் ஒரு பவர் சப்ளையாவது தானே கட்டி, சுமையைத் திடீரென்று கூட்டி, வெளியீடு எத்தனை மில்லிவோல்ட் சரிந்தது, எத்தனை மைக்ரோசெகண்டில் மீண்டது என்று ஆசிலோஸ்கோப்பில் பார்த்து எழுதி வைக்கட்டும். நேர்காணலில் "நீயே செய்ததா?" என்று கேட்கும்போது அந்தத் தாள் பேசும்.